ஏழு வயதுப் பையன் ராத்திரி முழுக்க வாயைத் திறந்தபடி தூங்குகிறான், டேப் ஒட்டலாமா?

கடலூர்க்காரி

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் செம்மண்டலம் பக்கம் இருக்கிறோம். பையனுக்கு ஏழு வயது. தூங்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வாய் திறந்துகொள்கிறது, அப்புறம் விடிய விடிய அப்படித்தான். குறட்டை வேறு, சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு குறட்டையா என்று வீட்டுக்கு வந்து தங்குகிறவர்கள் எல்லாம் கேட்டுவிட்டார்கள். தலையணை ஒரு பக்கம் எச்சிலில் ஊறிக் கிடக்கும், ஆனால் எழுந்ததும் உதடு காய்ந்து வெடித்திருக்கும், முதல் வேலையாகத் தண்ணீர் கேட்பான். பகலில் டிவி பார்க்கும்போதும் வாய் லேசாகத் திறந்துதான் இருக்கிறது. மூக்கு எந்நேரமும் அடைப்பு. ஃபெஞ்சல் புயலின்போது தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் வந்து போனதிலிருந்து கீழ்ச் சுவரில் ஓதம் காயவே இல்லை, கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது, அதுதான் காரணமோ என்று ஒரு சந்தேகம். ஆனால் குறட்டை அதற்கு முன்பே இருந்தது.

சொத்தைப் பல்லுக்காகப் பல் டாக்டரிடம் போனபோது அவர் வாயைப் பார்த்துவிட்டு, "மேலண்ணம் குறுகி உயரமாக இருக்கிறது, இவன் வாயால்தான் மூச்சு விடுகிறான், ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள்" என்றார். மாமியார் அதெல்லாம் வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார், சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் நல்லெண்ணெய் இரண்டு சொட்டு விட்டால் போதுமாம். என் வீட்டுக்காரர் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வாயில் ஒட்டுகிற டேப் வாங்கி வந்துவிட்டார். பள்ளியில் மிஸ் வேறு, கூப்பிட்டால் திரும்புவதில்லை, கவனமே இல்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறார். வாயால் மூச்சு விடுவது உண்மையிலேயே இவ்வளவு பெரிய விஷயமா? டேப் ஒட்டலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரிமேடு பல்

புதுச்சேரியில் குழந்தைகளுக்கான பல் மருத்துவராக வேலை பார்க்கிறேன். டேப் வேண்டாம். எண்ணெயும் வேண்டாம். இந்த இரண்டை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிட்டு மற்றதை நிதானமாகப் படியுங்கள்.

வீட்டில் வாசல் கதவு சிக்கிக்கொண்டதால் எல்லோரும் கொல்லைக் கதவு வழியாகப் போய்வருகிறார்கள், கொல்லைக் கதவுக்கும் பூட்டுப் போட்டால் வாசல் கதவு தானாகத் திறந்துகொள்ளுமா? உங்கள் பையன் வாயைத் திறப்பது அவனுக்குக் காற்று வேண்டும் என்பதால். மூக்கில் ஏன் போகவில்லை என்று பார்க்க வேண்டுமே தவிர வாயை மூடிப் பயனில்லை. பெரியவர்களுக்கே டேப்பால் நன்மை என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது, மூக்கடைப்பு இருக்கிறவர்களுக்கு அது ஆபத்து. ராத்திரியில் வாந்தி வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுக்காரரை யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் விஷயம் நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது, அதுவும் பச்சைக் குழந்தைகளுக்கு. மூக்கில் விட்ட எண்ணெய் இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அங்கே அது கரையாது, அதனால் ஒரு வகை நிமோனியாவே வருகிறது. மாமியாரிடம் சண்டை போடாமல் தலைக்கு மட்டும் தேய்க்கச் சொல்லிவிடுங்கள்.

இந்த வயதில் குறட்டை, வாய்மூச்சு, ஓயாத மூக்கடைப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது அடினாய்டு. மூக்கின் பின்பக்கம், உள்நாக்குக்கு மேலே இருக்கும் சதை அது. வாயைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியாது, டான்சில் தெரியும், இது தெரியாது. எல்லாக் குழந்தைக்கும் இருப்பதுதான், பள்ளிப் பருவத்தில் பெரிதாக இருக்கும், பதின்வயதில் சுருங்கும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று உங்கள் மாமியார் சொல்வது இந்த வகையில் பாதி உண்மை. மீதிப் பாதி என்னவென்றால், அது சுருங்குவதற்குள் முகமும் தாடையும் பெரும்பாலும் வளர்ந்து முடிந்துவிடும்.

சும்மா இருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி இருக்க வேண்டும், உதடு மூடியிருக்க வேண்டும். நாக்கு உள்ளிருந்து தள்ள, கன்னம் வெளியிலிருந்து அழுத்த, இரண்டுக்கும் நடுவில்தான் மேல்தாடை அகலமாகிறது. வாய் திறந்தே இருந்தால் நாக்கு கீழே விழுந்துவிடும், கன்னத்தின் அழுத்தம் மட்டும் மிச்சம், அண்ணம் குறுகி மேலே எழும்பும், பற்களுக்கு இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அண்ணத்தின் மேல்பக்கம்தான் மூக்கின் தரை என்பதையும் நினைவில் வையுங்கள், அண்ணம் குறுகினால் மூக்கும் குறுகும். அமெரிக்காவில் ஹார்வோல்ட் என்பவரின் குழு குரங்குகளின் மூக்கை அடைத்து வளர்த்துப் பார்த்தது, அவற்றுக்குப் பல்வரிசையும் தாடையும் மாறிப்போயின. மனிதர்களில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு, மூச்சுக்கு எவ்வளவு பங்கு என்று இன்னும் வாக்குவாதம் உண்டு, அதனால் வாய்மூச்சு விட்டால் முகம் கோணிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் குறுகிய அண்ணத்தை ஒரு கம்பி போட்டு அகலப்படுத்துவது சின்ன வயதில் சுலபம், அண்ணத்தின் இரண்டு பாதி எலும்பும் நடுவில் சேர்ந்து இறுகிய பிறகு கஷ்டம் என்பதில் சந்தேகமே இல்லை.

சொத்தைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது, வாயில் உண்டாகும் அமிலத்தைக் கழுவி, கரைந்த சுண்ணாம்புச் சத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுப்பது அதன் வேலை. வாயில் அமிலம் ஏறி, பிஎச் அளவு சுமார் 5.5க்குக் கீழே போனால் பல் எனாமல் கரைய ஆரம்பிக்கும். தூக்கத்தில் ஏற்கெனவே உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும், அதில் காற்று வேறு போய் வந்து மிச்சத்தையும் உலர்த்தினால் பல்லுக்கு யார் காவல்? மேல் முன்பல் ஈறு மட்டும் சிவந்து வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள், வாயால் மூச்சு விடும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பது அது. ராத்திரி பல் தேய்த்த பிறகு பால், பிஸ்கெட் எதுவும் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். குளிர்ந்த எவர்சில்வர் கரண்டியை மூக்குக்குக் கீழே பிடித்து வாயை மூடி மூச்சு விடச் சொல்லுங்கள், இரண்டு பக்கமும் ஆவி படிகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் மட்டும் அடைத்து நாற்றமடிக்கும் சளி வந்தால் அது வேறு கதை, புளியங்கொட்டை, பாசிமணி என்று எதையாவது உள்ளே திணித்திருப்பான். பட்டன் பேட்டரியாக இருந்தால் அதே மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியாக, மிஸ் சொன்னது. கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் கவனக்குறைவு என்று முடிவு கட்டாமல் காது கேட்கும் சோதனை செய்யுங்கள். காதுக்கும் தொண்டைக்கும் இடையில் ஒரு குழாய் இருக்கிறது, அதன் வாயை அடினாய்டு அடைத்தால் காதுக்குள் நீர் கோத்துக்கொள்ளும், வலிக்காது, காது மட்டும் மந்தமாகிவிடும்.

ஈசிஆர் டிரைவர்

கோரிமேடு டாக்டர் சொன்னது குழந்தைக்கு. பெரியவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் என் கதை. கடலூர் புதுச்சேரி ரூட்டில் வண்டி ஓட்டுகிறேன். வருஷக்கணக்கில் குறட்டை, அதை யாரும் வியாதி என்று சொன்னதில்லை, நல்ல உழைப்பாளி அசந்து தூங்குகிறான் என்பார்கள். காலையில் தலைவலி, வாய் மணல் தின்றது போல் உலர்ந்திருக்கும். பிபி மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டியரிங்கில் கண் சொக்கும், அதற்கு டீ குடித்துச் சமாளிப்பேன். என் மனைவிதான் ஒரு நாள் ராத்திரி உட்கார்ந்து கவனித்தாள், குறட்டை திடீரென்று நிற்கிறது, மார்பு ஏறி இறங்குகிறது, ஆனால் மூச்சுச் சத்தமே இல்லை, கொஞ்ச நேரம் கழித்து மூச்சுத் திணறி ஒரு உதறல். செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டினோம்.

ஸ்லீப் ஸ்டடி என்று உடம்பெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்க வைத்தார்கள். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்களாம், பெரியவர்களுக்கு 5க்குக் கீழே இருந்தால் சரி, 30 தாண்டினால் கடுமை. எனக்குத் தாண்டியிருந்தது. இப்போது சிபாப் மெஷின் வைத்துத் தூங்குகிறேன், காற்றை லேசான அழுத்தத்தில் ஊதித் தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். 1981ல் ஆஸ்திரேலியாவில் சல்லிவன் என்ற டாக்டர் இதைச் செய்து காட்டியதாக மெஷின் கொடுத்தவர் சொன்னார். முதலில் மூக்குக்கு மட்டும் மாஸ்க் போட்டார்கள், வாய் திறந்து காற்றெல்லாம் வெளியே போனது, மூக்கடைப்புக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான் அது சரியானது. பகல் தூக்கம் போய்விட்டது.

என்னைப் போல வண்டி ஓட்டுகிறவர்கள் குறட்டையைச் சிரித்து ஒதுக்காதீர்கள். உங்களோடு உட்கார்ந்திருப்பவர்களின் உயிரும் இருக்கிறது.

முத்தியால்பேட்டை தாத்தா

எல்லாவற்றுக்கும் ஸ்கேன், மெஷின், ஆபரேஷன். வாயைப் பிளந்துகொண்டு இருந்தால் எங்கள் அம்மா தாடையில் ஒரு தட்டு தட்டுவாள், வாய் மூடிவிடும். மூச்சை மூக்கால்தான் விட வேண்டும் என்று சித்தர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். எந்த நாசியில் சரம் (மூச்சு) ஓடுகிறது என்று பார்த்துத்தான் எங்கள் தாத்தா வெளியே காலடி வைப்பார். தினம் கடற்கரை ரோட்டில் நடந்துவிட்டு, வண்டு மாதிரி ரீங்காரம் செய்யும் பிராமரி மூச்சுப் பயிற்சி செய்கிறேன், இந்த வயதில் ஜலதோஷம்கூட வருவதில்லை. பையனுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள்.

கோரிமேடு பல்

ஐயா, நீங்கள் சொல்வதில் நான் மறுக்க எதுவும் இல்லாத பகுதி நிறைய இருக்கிறது. சரம் மாறுவது உண்மைதான், ஒரு நாசி கொஞ்சம் அடைத்து மற்றது திறந்து, சில மணி நேரத்துக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். 1895ல் கைசர் என்ற ஜெர்மன் டாக்டர் இதை எழுதி வைத்தார், இன்றைக்கு நாசிச் சுழற்சி என்று பாடத்தில் வருகிறது. (ராத்திரி ஒரு பக்கம் அடைத்து விடியும்போது மறு பக்கம் அடைக்கிறதே என்று சைனஸ் பயத்தில் வருகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்லி அனுப்புவேன்.) பிராமரிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூக்கைச் சுற்றியுள்ள சைனஸ் அறைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகிறது, மூக்கு வழியாக இழுத்தால் அது நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி, காற்று போகிற இடத்துக்கு ரத்தமும் போக உதவுகிறது, வாயால் இழுத்தால் அது அவ்வளவாகக் கிடைக்காது. ரத்தக் குழாயில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் 1998ல் நோபல் பரிசு. வாயை மூடி "ம்ம்ம்" என்று இசைத்தால் மூக்கிலிருந்து வரும் அந்த வாயு சுமார் 15 மடங்கு ஏறியதாக 2002ல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் அளந்து காட்டினார்கள். காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி அனுப்புவதும் மூக்கின் வேலை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஆனால் ஐயா, உங்களுக்கு மூக்கு திறந்திருக்கிறது, அதனால் பயிற்சி பலிக்கிறது. அந்தப் பையனுக்கு வழியே அடைத்திருந்தால் பிராமரி செய்யச் சொல்லி உட்கார வைத்தால் முகம் சிவந்து எழுந்து ஓடிவிடுவான். தாடையில் தட்டினாலும் அதேதான், தூங்கியதும் திறந்துகொள்ளும். வழியைத் திறந்துவிட்டு அப்புறம் உங்களிடம் அனுப்பச் சொல்கிறேன்.

வில்லியனூர் அம்மா

கடலூர்க்காரி அக்கா, எங்கள் பெண்ணுக்கு இதே கதை, போன வருஷம் அடினாய்டு ஆபரேஷன் ஆனது. மயக்க மருந்து கொடுத்து வாய் வழியாகவே எடுத்துவிடுகிறார்கள், வெளியில் தையல் தழும்பு கிடையாது. எங்களுக்கும் ஆபரேஷன் என்றதும் பயம். எங்கள் டாக்டர் ஒரு அமெரிக்க ஆராய்ச்சியைச் சொன்னார், 2013ல் வந்தது, தூக்கத்தில் மூச்சு நிற்கும் 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 464 பேரைப் பாதி பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே டான்சில், அடினாய்டு இரண்டையும் எடுக்கும் ஆபரேஷன், இன்னொரு பாதியைக் காத்திருக்க வைத்துப் பார்த்தார்களாம். ஏழு மாதம் கழித்து ஆபரேஷன் ஆனவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கச் சோதனை சரியாகிவிட்டது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. ஆனால் நடத்தை, தூக்கம், பகல் சோர்வு எல்லாம் ஆபரேஷன் ஆனவர்களுக்கு நன்றாகத் தேறியது. அதனால் லேசாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம், கடுமையாக இருந்தால் தள்ளிப் போடாதீர்கள் என்றார். எங்களுக்குக் காதில் நீர் வேறு இருந்ததால் சரி என்று ஒத்துக்கொண்டோம்.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒன்று, ஆபரேஷன் ஆனபிறகும் அவள் வாய் திறந்தே இருந்தது. மூக்கு திறந்துவிட்டது, பழக்கம் போகவில்லை. உதடு மூட வேண்டிய தசைக்குப் பலமே இல்லையாம். ஒரு வாய் தண்ணீரை விழுங்காமல் வைத்துக்கொண்டு மூக்கால் மூச்சு விட்டபடி படம் வரைவது, நாக்கு நுனியை மேல் முன்பல்லுக்குப் பின்னால் வைத்து எச்சில் விழுங்குவது, உதட்டுக்கு நடுவில் பட்டன் வைத்து நூலால் இழுப்பது (நூல் கட்டிய பெரிய கோட்டுப் பட்டன், கூடவே இருந்துதான் செய்ய வேண்டும்), பலூன் ஊதுவது, இப்படி. அவளுக்கு அது விளையாட்டு, எனக்குத்தான் அலுப்பு. அப்புறம் எல்லாவற்றையும் குழைத்துக் கொடுக்காதீர்கள் என்றார்கள், கொய்யா, கரும்பு, வறுத்த கடலை என்று கடித்து மென்று தின்னப் பழக்கினோம்.

வீட்டில் கொசுவத்திச் சுருளையும் சாம்பிராணிப் புகையையும் நிறுத்தியதில் மூக்கு எவ்வளவோ தேவலை. பழைய இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றிவிட்டு, உறையை வாரம் ஒரு முறை வெந்நீரில் துவைக்கிறோம். கடலோர ஈரத்தில் தூசிப் பூச்சி நன்றாகப் பெருகுமாம். உங்கள் ஓதச் சுவரை ஒட்டிப் பையனின் பாய் இருந்தால் முதலில் இடத்தை மாற்றுங்கள்.

ஈசிஆர் டிரைவர்

பாண்டியில் எங்கே காட்டுவது என்று அக்கா கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடலூரிலிருந்து ஜிப்மருக்குப் போகலாம், ஈஎன்டியும் பல் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும். இல்லை என்றால் மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரி, சிதம்பரத்தில் மெடிக்கல் காலேஜ். எங்கே போனாலும் பையன் தூங்கும் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், சட்டையைக் கழற்றிவிட்டு மார்பு தெரிகிற மாதிரி, சத்தத்தோடு.

கடலூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. போய்விட்டு வந்தோம். மூக்கில் சின்ன டியூப் கேமரா விட்டுப் பார்த்தார்கள், அடினாய்டு பாதிக்கு மேல் அடைத்திருக்கிறது, அலர்ஜியும் இருக்கிறது என்றார்கள். வீடியோவைப் பார்த்த டாக்டர், மூச்சு நிற்கிற மாதிரி தெரியவில்லை என்றார். காது சோதனையில் இரண்டு காதிலும் கொஞ்சம் மந்தம், உள்ளே நீர் இருக்கிறதாம், மிஸ்ஸிடம் சொல்லி முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டோம். உடனே ஆபரேஷன் வேண்டாம், மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீர்க் கழுவலும் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு என்றதும் மாமியார் தலையில் கை வைத்துவிட்டார். அதோடு ஸ்ப்ரே அடித்தால் தொண்டைக்கு வந்து கசக்கிறது என்று அழுகிறான். ஒரு தடவை லேசாக ரத்தமும் வந்தது. மருந்துக் கடையில் வேறு ஒரு சொட்டு மருந்து இருக்கிறது, உடனே மூக்கு திறந்துவிடும் என்கிறார்கள், அதை வாங்கலாமா?

கோரிமேடு பல்

கடைக்காரர் சொல்வது ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் வகைச் சொட்டு மருந்தாக இருக்கும். ஐந்து நிமிடத்தில் மூக்கு திறக்கும், சில நாளைக்கு மேல் போட்டால் மருந்து விட்டதும் முன்பைவிட அதிகமாக அடைக்கும், அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வராது. டாக்டர் எழுதாமல் வாங்காதீர்கள்.

ஸ்ப்ரே மாமியார் நினைக்கும் ஸ்டீராய்டு மாத்திரை மாதிரி கிடையாது, அளவு மிகச் சிறியது, உடம்புக்குள் சேர்வது குறைவு. அதையும் நீண்ட நாள் போடுவதால் டாக்டர் உயரம் அளந்து பார்ப்பார், அவ்வளவுதான். தொண்டைக்கு வருகிறது என்றால் அவன் தலையை அண்ணாந்து, பலமாக உறிஞ்சுகிறான். தலையைக் கொஞ்சம் முன்னால் குனிய வையுங்கள். வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் அடித்தால் முனை தானாகவே காதுப் பக்கம் சாயும். நடுச் சுவரைப் பார்த்து அடிப்பதால்தான் ரத்தம் வருகிறது. அடித்ததும் மெதுவாக மூச்சை இழுத்தால் போதும். முதலில் உப்புநீரால் கழுவிச் சளியை வெளியேற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஸ்ப்ரே. கழுவும் தண்ணீர் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்கட்டும், குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் நேரடியாக வேண்டாம். கேரளாவில் பேசப்படும் மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது.

பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், அதற்குள் நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் திரும்பத் திரும்ப வந்தால் டாக்டரைக் கேளுங்கள். இடையில் தூக்கத்தில் மூச்சு நிற்பது, புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது, காது வலி எது வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். அண்ணம் அகலப்படுத்துவதற்கு அடுத்த விடுமுறையில் பல் பிரிவில் ஒரு அளவு எடுத்து வையுங்கள், மூக்கு வழி திறந்த பிறகு போடுவதா முன்பே போடுவதா என்று இரண்டு டாக்டர்களும் பேசி முடிவு செய்யட்டும்.